படகுத் தளத்தின் பழந்துளைகள்

ஊத்துக்கோட்டை, திருவள்ளூர் மாவட்டத்தின் வட எல்லையில் ஆரணியாற்றின் கரையில் அமைந்த ஊர் ஆகும். ஆந்திர நாட்டு நாகலாபுரம் மலைப்பகுதியில் பெய்யும் மழைநீர், பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்தைக் கடந்து, சுருட்டப்பள்ளி வழியாக இவ்வூரை அடைகின்றது. பின்னர்ப் பெரியபாளையம், பொன்னேரி ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு சென்று, கிழக்கே பழவேற்காட்டில் ஏரியோடும் கடலோடும் கலக்கின்றது. கோடையில் இவ்வாற்றைக் காண்பவர் இதனை மணலாறு என்றே எண்ணுவர். ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களிலோ இதன் தோற்றமே வேறு. வெள்ளம் தரைப்பாலத்தை மூழ்கடித்துப் போக்குவரத்தைத் தடுத்து நிறுத்திய ஆண்டுகள் பல உண்டு.

கசிவு என்பது எத்தகைய இழப்பு என்று இவ்வூராருக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து பூண்டிக்குக் கிருஷ்ணா நீரைக் கொண்டுவரும் கால்வாய், ஊத்துக்கோட்டை அருகேதான் தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைகின்றது. 1996ஆம் ஆண்டில் நீர் முதன்முதலாக வந்தபொழுது, திறந்துவிட்ட நீரில் பெரும்பகுதி வழியிலேயே மறைந்துவிட்டது. கரையில் எங்கும் பெரிய உடைப்பு இல்லை. கண்ணுக்குப் புலப்படாத கசிவே அதற்குப் பெருங்காரணமாய் இருந்தது. பிற்பாடு கால்வாயின் கரைகளைச் செப்பனிட்டுப் பூச்சிட்ட பிறகே, 2004ஆம் ஆண்டு முதல் நீர் ஒழுங்காக வந்து சேரலாயிற்று. நூற்றைம்பது கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய்க்கு நேர்ந்த இதே தொல்லை, எட்டு மீட்டர் நீளமுள்ள சிறு படகுக்கும் நேர்வதுண்டு. கால்வாயில் நீர் வெளியே கசியும். படகில் நீர் உள்ளே கசியும். வேறுபாடு அவ்வளவே.

ஆரணியாறு சென்று சேரும் பழவேற்காட்டு ஏரி, ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி ஆகும். அதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் உள்ளது. தென்கோடியில் உள்ள பழவேற்காட்டில், 1613ஆம் ஆண்டில் டச்சுக்காரர் ஜெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டத் தொடங்கி, அதனைத் தங்கள் வாணிகத் தலைமையிடம் ஆக்கிக்கொண்டனர். கோட்டை அழிந்தது, வாணிகமும் போயிற்று. மீனவர் மட்டும் தம் படகுகளோடு இன்றும் அங்கேயே வாழ்கின்றனர். ஏரியும் கடலும் கூடும் முகத்துவாரத்தின் வழியாகவே அவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டும். அங்கு ஆழம் குறைவு. மணல்மேடுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். அலைகள் குறுக்கே உடைந்து விழும். பழகிய கைகளும் அஞ்சும் இடம் அது.

படகு கட்டும் தொழில் தமிழர்க்குப் புதியதன்று. திமில், அம்பி, ஓடம், வங்கம், நாவாய் என்று பண்டை நூல்கள் கூறும் பெயர்களே அதற்குச் சான்று. சோழமண்டலக் கரையில் நெடுங்காலம் வழங்கிய மசூலாப் படகு ஆணியே இல்லாதது. அதன் பலகைகளை ஓரங்களில் துளையிட்டுத் தென்னங் கயிற்றால் தைத்து இணைத்தனர். கரையில் மோதும் அலையின் அடியை ஏற்றுச் சற்றே வளைந்து கொடுத்தமையால் அது பிளவுபடாமல் நின்றது. சென்னையில் துறைமுகம் தோன்றுவதற்கு முன், கப்பலிலிருந்து மக்களையும் பண்டங்களையும் கரை சேர்த்தவை இப்படகுகளே. ஆனால் தையல் துளை ஒவ்வொன்றும் நீர் புகும் வழி அன்றோ? ஆதலின் அப்படகில் துடுப்பு வலிப்போரோடு, நீரை இறைத்துக் கொட்டுவதற்கென்றே ஆளும் வேண்டியிருந்தது.

பிற்காலத்தில் ஆணி அறைந்த படகுகள் வந்தன. அவற்றின் பலகை இடுக்குகளில் பஞ்சையோ நாரையோ திரித்துத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிய மெழுகால் அடைப்பர். இவ்வேலைக்குக் 'கலப்பற்று' என்பது பெயர். அரபு, போர்த்துக்கீசியம் ஆகிய மொழிகளிலும் இதற்கு இனமான சொற்கள் உண்டு. கடலோடிகள் பண்டத்தோடு சொல்லையும் மாற்றிக்கொண்டனர் போலும்!

இங்கு ஒன்றைக் கருத்திற் கொள்ள வேண்டும். படகின் அடிப்பக்கத்தில் உண்டாகும் கசிவை எவரும் உடனே காண்பர். காலடியில் நீர் ஊறும், இறைப்பர், கரைக்கு வந்ததும் அடைப்பர். மேல்தளத்தில் உண்டாகும் கசிவோ அத்தகையதன்று. படகின் முன்தலையை மீனவர் அணியம் என்பர். அணியத்திலும் பின்தலையிலும் படகுக்குக் கூரைபோல் தளம் இடப்பட்டிருக்கும். கயிறு கட்டும் கட்டைகள், வளையங்கள், மூடிக் கீல்கள், விளக்குத் தண்டு ஆகியவற்றை அத்தளத்தில் திருகாணி கொண்டு பொருத்துவர். ஆண்டுகள் செல்லச் செல்ல ஒரு கட்டையைப் பெயர்த்து வேறிடத்தில் வைப்பர். ஒரு வளையத்தை நீக்குவர். பொருள் போய்விடும், துளை நின்றுவிடும். அதன்மேல் சிறிது வண்ணம் பூசிவிட்டு, துளை மறைந்தது என்று எண்ணிக்கொள்வர். வண்ணப் பூச்சு வெயிலில் காய்ந்து வெடிக்கும். பின்னர் மழை பெய்யும்.

படகை அழிப்பது கடல்நீர் என்றே நாம் நினைக்கிறோம். மரத்தைப் பொறுத்தவரை அது முழு உண்மை அன்று. மரத்தை உளுத்துப்போகச் செய்வது ஒருவகைப் பூஞ்சை. அது வளர்வதற்கு ஈரமும் காற்றும் வேண்டும். மரத்தின் ஈரம் அதன் உலர்ந்த எடையில் நூற்றுக்கு இருபதுக்குக் கீழே இருப்பின் பூஞ்சை வளராது. உப்பு நிறைந்த நீரிலும் அது எளிதில் தழைப்பதில்லை. அதனாலேயே பழைய மரக்கப்பல்களில் மாலுமிகள் தளத்தை நாள்தோறும் கடல்நீர் கொண்டு கழுவினர். சில நாடுகளில் கப்பல் கட்டுவோர் விலா மரங்களுக்கு இடையே உப்பையே கொட்டி வைத்தனர். மழைநீரில் உப்பு இல்லை. அது துளை வழியே இறங்கி, காற்றுப் புகாத உள்ளறையில் தங்கி, மரத்தை வாரக்கணக்கில் ஈரமாகவே வைத்திருக்கும். மரத்தைத் துளைக்கும் கப்பற்புழுவின் நிலை இதற்கு நேர்மாறானது. உவர்ப்புக் குன்றிய நீரில் அது நெடுநாள் வாழாது. ஆகவே மழைக்காலத்தில் ஆரணியாற்று வெள்ளம் ஏரியில் பாயும்பொழுது, நீருக்குள் இருக்கும் அடிப்பலகைக்கு ஒரு பகை குறைகின்றது. வானத்தை நோக்கியிருக்கும் மேல்தளத்திற்கோ ஒரு பகை கூடுகின்றது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கிய பின்னர், மரப்படகுகளும் கட்டுமரங்களும் குறைந்து, கண்ணாடி நாரிழைப் படகுகள் எங்கும் பெருகின. மீனவர் இவற்றைப் 'பைபர் படகு' என்று அழைப்பர். நாரிழை உளுக்காது என்பது மெய்யே. ஆனால் பல படகுகளின் தளத்தில், மேலும் கீழும் நாரிழைத் தோல் இருக்க, நடுவே ஒட்டுப்பலகை வைக்கப்பட்டிருக்கும். அத்தோலைத் திருகாணி ஊடுருவிய இடத்தில் நடுப்பலகை நீருக்குத் திறந்து கிடக்கின்றது. நீர் இரு தோல்களுக்கும் இடையே அகப்பட்டுக்கொள்வதால், மரப்படகைவிட மெதுவாகவே உலரும். வெளியே தளம் பளபளவென்று இருக்க, உள்ளே பலகை ஊறிய சோறுபோல் குழைந்துவிடும். தளத்தின்மேல் நடக்கும்பொழுது கால் சற்றே அமிழ்வதும், மரச்சுத்தியின் பிடியால் தட்டும்பொழுது 'டக்' என்ற ஓசைக்கு மாறாக மந்தமான ஓசை எழுவதும் இந்நோயின் குறிகள்.

இது பலகையோடு ஒழியும் நோயாயின் இவ்வளவு விரித்துரைக்க வேண்டுவதில்லை. அணியத்தின் தளத்திற்குக் கீழே சில படகுகளில் அடைத்த காற்றறை ஒன்று உண்டு. படகு கவிழ்ந்தாலும் முற்றும் மூழ்காமல் மிதப்பதற்காகவே அது அமைக்கப்படுகின்றது. அதன் தளத்தில் உள்ள ஒரு பழந்துளை வழியே நொடிக்கு ஒரு துளி வீதம் நீர் சொட்டுவதாகக் கொள்வோம். இருபது துளி ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர் ஆகும். எனவே ஒரு மணி நேரத்தில் 180 மில்லிலிட்டர். ஒரு நாளில் 4 லிட்டருக்குச் சற்று மேல். பத்து நாள் அடைமழையில் 43 லிட்டர். அந்த 43 லிட்டர் நீர், காற்று இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது. படகு கவிழும் வேளையில், பத்துக் கிலோ மிதப்பு உடைய உயிர்காப்பு மேலங்கிகள் நான்கினை முன்னரே எறிந்துவிட்டதற்கு இஃது ஒப்பாகும். கவிழாத வேளையிலும் தீங்கு உண்டு. படகு ஒரு பக்கம் சாயும்பொழுது உள்ளிருக்கும் நீரும் அப்பக்கமே ஓடிச் சாய்வை மிகுவிக்கும். முகத்துவாரத்தில் குறுக்கலை வந்து மோதும் அந்த ஒரு கணத்தில் படகு நிமிர்வதும் நிமிராமற் போவதும் இதனைப் பொறுத்தும் அமையும். அறையோ மூடிக் கிடப்பது. அதற்குள் நீர் இருப்பதைப் படகோட்டி அறியான்.

இனி, கசிவைக் காணும் முறையைப் பார்ப்போம். நீர் சொட்டும் இடத்திற்கு நேர்மேலே துளை இருக்கும் என்று கருதுவது பெரும்பாலும் பிழையாகவே முடியும். துளை வழியே இறங்கிய நீர் தளத்தின் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு, குறுக்கு மரத்தின் ஓரமாக ஓடி, ஒரு முழமோ இரு முழமோ தள்ளி மற்றோரிடத்தில் சொட்டும். ஓட்டு வீட்டில் ஒழுக்கைத் தேடியவர்கள் இதனை அறிவர். ஆகவே தேர்ந்த கைவினைஞர் முதலில் தளத்தைத் துடைத்து நன்கு காயவிடுவர். பின்னர்ச் சுண்ணக்கட்டியால் ஒவ்வொரு பொருத்துக்கும் துளைக்கும் எண்ணிடுவர். ஒருவர் உள்ளே விளக்குடன் இருக்க, மற்றொருவர் தளத்தின் தாழ்ந்த ஓரத்தில் தொடங்கி, ஒவ்வோர் எண்ணின்மேலும் சிறிது நேரம் நீர் ஊற்றிக்கொண்டே மேல்நோக்கிச் செல்வார். உயர்ந்த இடத்தில் முதலில் ஊற்றினால் நீர் வழிந்து எல்லாத் துளைகளையும் நனைத்துவிடும். குற்றவாளி எது என்று தெரியாமற் போகும். ஆள் நுழைய இயலாத காற்றறைக்கு வேறு வழி உண்டு. அதனுள் கைப்பம்பினால் மிகச் சிறிதளவே காற்றைச் செலுத்தி, வெளியே சவர்க்கார நீரைத் தடவினால், துளை உள்ள இடத்தில் குமிழி எழும். மிகுதியாகச் செலுத்தினால் பொருத்தே பிளந்துவிடும். ஆதலின் இதில் கை அளவறிந்து நிற்க வேண்டும்.

துளையைக் கண்டதும் அதன்மேல் பசையை அப்பிவிட எவர்க்கும் ஆவல் எழும். அவ்வாறு செய்வது செய்யாமல் விடுவதினும் தீது. மேலே அடைத்துவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லை. பூஞ்சைக்கு நாமே கதவைச் சாத்திக் காவல் இருந்தவர் ஆவோம். முதலில் துளையைப் பெரிதாக்க வேண்டும். பழுது பார்க்க வந்தவன் துளையைப் பெரிதாக்குவதைக் கண்டால் படகின் உரிமையாளர் திடுக்கிடுவது இயல்பே. ஆயினும் கறுத்து மெலிந்த மரம் முழுவதையும் நீக்கி, குத்தூசி இறங்காத உறுதியான மரம் தென்படும் வரை சென்றால்தான் புதிய அடைப்பு எதனையேனும் பற்றிக்கொள்ளும். பழைய திருகாணியையும் கூர்ந்து பார்ப்பது நன்று. இரும்பாணி துருவேறிப் பருத்து, சுற்றியுள்ள மரத்தைப் பிளந்திருக்கும். பித்தளை ஆணி உப்புநீரில் தன் துத்தநாகத்தை இழந்து, செம்பு நிறமாகி, கையால் வளைத்தாலே முறியும். துருவேறா எஃகுகூட, ஈரமும் காற்றின்மையும் சேர்ந்த துளைக்குள் அரிக்கப்படுவதுண்டு. ஆணியின் தலை புதிதுபோல் இருக்க, உடல் ஊசியாய்த் தேய்ந்திருக்கும்.

அடுத்தது உலர்த்துதல். இதற்குப் பொறுமை ஒன்றே கருவி. சித்திரை, வைகாசித் திங்கள்களின் வெயில் இதற்கு ஏற்றது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்களுக்கு விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை உண்டு. பெரும் படகுகள் பழுது பார்க்கப்படும் அக்காலமே சிறு படகுக்கும் பொருந்தும். பகலில் துளைகளை வெயிலுக்குத் திறந்துவைத்து, மாலையில் பனிபடாமல் மூடி, இவ்வாறு பல நாள் காயவிட வேண்டும். ஊறிய ஒட்டுப்பலகையாயின் வாரங்கள் ஆகும்.

மரத்தளத்தில் துளையை அடைப்பதற்கு மரமுளை செய்வர். இங்குத் தச்சரின் நுண்ணறிவு ஒன்றைக் காணலாம். நீண்ட குச்சியைச் சீவி, துளையில் அடித்து, மேலே அறுத்துவிடுவது எளிது. ஆனால் அவ்வாறு செய்தால் குச்சியின் வெட்டுமுகம் வானத்தை நோக்கி நிற்கும். மரத்தின் நார்கள் நீரை உறிஞ்சும் குழாய்கள் போன்றவை. வெட்டுமுகத்தின் வழியே அவை நீரைக் குடிக்கும். அம்முகத்தில் இறக்கிய திருகாணியும் உறுதியாகப் பிடிக்காது. ஆதலின் நல்ல தச்சர், தளப்பலகையின் இன மரத்துண்டு ஒன்றின் அகன்ற முகத்திலிருந்து முளையைக் கடைந்தெடுப்பார். அதன் நாரோட்டம் பலகையின் நாரோட்டத்தோடு ஒன்றுமாறு பொருத்தி, நீரில் கரையாத பசையிட்டு இறக்குவார். பசை இறுகியபின், மேலே நிற்கும் பகுதியை ஒரே வெட்டில் தளத்தோடு தளமாகச் சீவமாட்டார். முதலில் சற்று உயரத்தில் ஒரு சிறு வெட்டு வெட்டி, நார் எப்பக்கம் இறங்குகின்றது என்று பார்ப்பார். பின்னர் எதிர்ப்பக்கத்திலிருந்து உளியைச் செலுத்துவார். இதைப் பாராது வெட்டினால் முளை தளத்திற்குக் கீழே பிளந்து, சிறு குழி விழும். அக்குழியில் மீண்டும் நீர் தங்கும்.

நாரிழைத் தளத்தில் முறை வேறு. மேல்தோலைத் துளைத்து, கீழ்த்தோலைக் காத்து, நடுவே உள்ள கெட்ட பலகையை வளைத்த ஆணி முனையால் துருவி எடுத்துவிடுவர். கீழ்த்தோலிலும் துளை இருப்பின் அடியில் ஒட்டுநாடா இடுவர். முதலில் மெல்லிய எபாக்ஸிப் பிசினைத் தடவிப் பலகையின் ஓரங்கள் குடிக்குமாறு செய்வர். பின்னரே, நுண்ணிய பொடி கலந்து கெட்டியாக்கிய பிசினால் குழியை நிரப்புவர். வெயில் ஏறும் காலையில் நிரப்பினால் மரத்துளைகளிலுள்ள காற்று விரிந்து குமிழியிடும். வெயில் தாழும் மாலையில் நிரப்பினால் காற்றுச் சுருங்கிப் பிசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிசினையும் அதனை இறுகச் செய்யும் நீர்மத்தையும் உரிய அளவில் கலக்க வேண்டும். 'சற்று மிகுதியாக விட்டால் விரைவில் இறுகும்' என்னும் எண்ணம் எபாக்ஸிக்குப் பொருந்தாது. அது இறுகாமலே நின்றுவிடும். பெரிய கலத்தில் மொத்தமாகக் கலந்தால் தானே சூடேறிப் புகையும். சிறிது சிறிதாகக் கலந்து, கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் செய்வதே முறை.

மீண்டும் அவ்விடத்தில் ஒரு கட்டையைப் பொருத்த வேண்டுமாயின், இறுகிய பிசினின் நடுவே புதிய துளையிடுவர். இப்பொழுது மரையாணிக்கும் பலகைக்கும் இடையே பிசின் வளையம் ஒன்று நிற்கின்றது. என்றேனும் மேலே உள்ள அடைப்புத் தேய்ந்து நீர் இறங்கினாலும், அது அறைக்குள் சொட்டுமேயன்றிப் பலகையைத் தீண்டாது. துளையின் வாயைச் சற்றே சாய்வாகச் சீவினால் அடைப்புப் பசை மோதிரம்போல் அங்கே தங்கும். பசை ஈரமாய் இருக்கும்பொழுதே ஆணியை முழுதும் முறுக்குவது பலரும் செய்வது. அதனால் பசை முழுவதும் பிதுங்கி வெளியேறிவிடுகின்றது. ஓரளவு முறுக்கி நிறுத்தி, பசை இறுகியபின் எஞ்சியதை முறுக்க வேண்டும். அப்பொழுதும் மேலே ஆணித்தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு, கீழே உள்ள மரையை மட்டுமே திருக வேண்டும். தலை சுழன்றால் இறுகிய பசை அறுந்துவிடும். கயிற்றின் இழுப்பைத் தாங்கும் கட்டையாயின், அடியில் அகன்ற தகடு ஒன்றும் வைப்பர். கடைகளில் எளிதிற் கிடைக்கும் சிலிக்கோன் பசையை இதற்குப் பயன்படுத்தாமை நன்று. அது பட்ட இடத்தில் படியும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல், பின்னர் வேறு பசையும் வண்ணமும் ஒட்டுவதில்லை.

வேலை முடிந்தபின் மீண்டும் சுண்ணக்கட்டி எண்களின்மேல் நீர் ஊற்றிப் பார்ப்பர். அறையின் உள்ளே வெள்ளைத் தாள்களை விரித்துவைத்து மூடிவிட்டு, மறுநாள் காலையில் திறந்து நோக்குவதும் உண்டு. ஒரு துளி விழுந்திருந்தாலும் தாளில் அதன் சுவடு தெரியும். சுவடு இருப்பின், அதற்கு நேர்மேலே பாராமல், தளத்தின் தாழ்ந்த ஓரத்திலிருந்து முதல் எண் தொடங்கி மறுபடியும் நீர் ஊற்றுவர். சுவடு இல்லையேல் எண்களை அழித்துவிட்டுப் படகை ஏரியில் இறக்குவர்.